விமானத்துக்குக் கொப்பளிப்பான்

கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, கடற்றொழில் செய்யும் ஒருவனைக் கட்டி, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, வள்ளத்தைக் கண்டாலே வயிற்றில் உள்ளதையெல்லாம் சத்தி எடுக்கிற ஒரு பெண் இருந்தாள் என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். நெடுந்தீவார் நம்புவார்கள். அவர்களுக்கு மாக்கிறேற்றைத் தெரியும்.

மாக்கிறேற் தையல்காரி. முதல்நன்மை எடுக்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, கோவில் பீடச்சீலை, கலியாண பிளவுஸ், வள்ளத்து இயந்திரத்துக்கு உறை என்று ஊரில் ஊசி ஏறவேண்டிய எல்லாவற்றிலும் அவளுடைய ஊசிதான் ஏறியது. துணியில் அவளுக்கு அரை அங்குலம் பிசகாது. கதையில்தான் கொஞ்சம் பிசகும். புருஷன் பஸ்ரியாம்பிள்ளை இரண்டு முழத்தில் ஒரு அறக்குளா மீன் கொண்டுவந்தால், அவள் கிணற்றடிக்குப் போய்ச் சேருவதற்குள் அது நாலு முழமாக வளர்ந்துவிடும். மறுநாள் அதைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்திருக்கும். யாராவது பொய் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"நான் பொய் சொல்லுறேல்லை. வடிவாய்ச் சொல்லுறன்" என்பாள்.

ஆனால் ஒரு கதையை மட்டும் அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 1996ஆம் ஆண்டு, மகள் நிமலினியை ஊர்காவற்றுறைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது நடந்தது அது. குறிகட்டுவான் துறையில் தீவுக்கு வள்ளம் ஏறினாள். கடலைக் கிளப்புகிற சோளகக் காற்று தொடங்கியிருந்த நேரம். பாதி வழியில், குடலே வெளியே வந்துவிடும் என்ற நிலையில், கழுத்துச் சங்கிலியில் தொங்கிய அந்தோனியார் சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள்.

"அந்தோனியாரே, இந்த ஒருக்கா என்னைக் கரை சேர்த்துவிடும். இனிச் சாகுமட்டும் வள்ளத்திலை கால் வைக்கமாட்டன்!"

வள்ளத்தில் இருந்த நாற்பது பேரும் கேட்டார்கள். இப்படி ஒருத்தி நேர்த்தி வைத்தால் அது பிறகு அவளுடைய சொந்த விஷயமாக இருக்குமா? தீவு முழுவதற்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. அந்தோனியார் தன் பங்கைச் செய்தார். மாக்கிறேற்றும் தன் பங்கைச் செய்தாள். ஏழு வருஷம் தீவை விட்டு அசையவில்லை. ஒருமுறை பல்வலி வந்தபோதுகூட, பல்லைத்தான் பிடுங்குவித்தாளே தவிர, அதற்காகக் கடல் தாண்டவில்லை. பிடுங்கியவர் பல் வைத்தியரும் இல்லை, அதை விடுவோம்.

2003ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தபோது நிமலினியிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று வருஷமாக அவள் ஊர்காவற்றுறை மடத்திலேயே இருந்து கன்னியாஸ்திரியாவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலம் முழுவதும் வீட்டுக்கு வரவில்லை, வரவும் விடமாட்டார்கள். மே முப்பத்தோராம் திகதி, சனிக்கிழமை, முதல் வார்த்தைப்பாடு, துறவுக்கு வாக்குக் கொடுக்கிற நாள். அன்றைக்குத் தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நடந்து பிள்ளையைப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்குப் பிறகு எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போய்விடுவாள்.

பங்குச் சுவாமி நல்ல மனிதர். "நேர்த்தியை நான் மாற்றித் தாறன், நீர் போயிட்டு வாரும்" என்றார்.

"நேர்த்தியை நீங்கள் மாத்துவியள் சுவாமி. என்ரை வயித்தை ஆர் மாத்துறது?" என்று கேட்டாள் மாக்கிறேற். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தையல் மெசினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பகிடிக்காரி அழுதால் வீட்டில் உள்ளவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. பஸ்ரியாம்பிள்ளை வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தக் கிழமைதான் வானத்திலிருந்து விமானம் வந்து விழுந்தது.

விழுந்தது என்று சொன்னவள் மாக்கிறேற். உண்மையில் அது ஒழுங்காகத்தான் இறங்கியது. கரையோரங்களை மேலிருந்து படம் பிடிக்கும் வேலைக்காகக் கொழும்பிலிருந்து வந்த நாலு சீற் விமானம். இயந்திரம் இருமத் தொடங்கியதும், விமானி மேற்குப் பக்கம் கட்டாக்குதிரைகள் மேயும் புல்வெளியைப் பார்த்து இறக்கிவிட்டார். குதிரைகள் மட்டும் கொஞ்சம் ஓடின. இறங்கியவர் கப்டன் அந்திராடோ, மட்டக்களப்புப் பறங்கியர், வயது அறுபத்துமூன்று. நல்ல தமிழ் பேசுவார், பூசைக்கும் வருவார். சமாதான காலமானபடியால் கடற்படையும் அதிகம் கேள்வி கேட்கவில்லை. காவலுக்கு ஒரு கடற்படைக்காரனை விமானத்தின் நிழலில் இருத்திவிட்டு, கப்டனைப் பங்குமனையில் தங்க விட்டார்கள். உடைந்த பாகம் வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஒரு மெக்கானிக்கோடு நெடுந்தீவுக்கு வரவேண்டும். மூன்று கிழமையாவது செல்லும்.

கப்டனுடைய கவலை இயந்திரமல்ல, வெயில். முதலாளி அந்த வருஷம்தான் விமானத்தின் உள்பக்கம் முழுவதையும் புதுப்பித்திருந்தார். பால்நிறத் தோல் இருக்கைகள், மீட்டர்கள் பதித்த புதுப் பலகை. வழக்கமாக மூடுகிற உறை கொழும்பில் கிடந்தது. மத்தியானம் கதவைத் திறந்து உள்ளே வெப்பமானியை வைத்துப் பார்த்தார். அறுபத்துநாலு பாகை. அதில் முட்டை அவியும். மூன்று கிழமை அப்படிக் கிடந்தால் தோல் வெடிக்கும், பலகை வளையும், அவருக்கும் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? முதல்நாளே எல்லோருமாகச் சேர்ந்து பனையோலையால் விமானத்துக்கு மேல் ஒரு பந்தல் போட்டார்கள். வீடு வேய்கிறமாதிரி, பாட்டும் தேத்தண்ணியுமாக. மே மாதத்தில் அந்த வெளியில் புல் என்று பேருக்குத்தான் இருந்தது. மூன்றாம்நாள் விடியப் பார்த்தால் கூரையில் பாதியை மாடுகள் தின்றுவிட்டிருந்தன, மீதியைக் காற்று கொண்டுபோயிற்று. அடுத்ததாக வள்ளத்தை மூடுகிற தடித்த படங்கு ஒன்றைக் கொண்டுவந்து யன்னல்களுக்கு மேல் விரித்தார்கள். கப்டன் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார். விமானத்து யன்னல் கண்ணாடியல்ல, ஒருவகைப் பிளாஸ்ரிக். படங்கு காற்றில் அடிக்க, இடையில் அகப்பட்ட மணல் அதை அரத்தால் அராவுகிறமாதிரி அராவிவிடும்.

மாக்கிறேற் அன்றைக்கு வேடிக்கை பார்க்கத்தான் போனாள். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாலேயே ஒவ்வொரு யன்னலையும் அளந்துவிட்டுக் கேட்டாள்.

"கப்டன் ஐயா, சட்டை வெளியிலை போட்டாத்தானே அடிக்கும்? உள்ளுக்குப் போட்டால்?"

கப்டன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ளுக்குப் போடலாம், தங்கச்சி. ஆனா வெயிலத் திருப்பி அனுப்பற துணி வேணும். கறுப்போ நீலமோ போட்டா அது சூட்டக் குடிச்சு உள்ளுக்கு விடும். மினுக்கமா இருக்கோணும். அந்தச் சாமான் இந்தத் தீவில எங்க கிடைக்கும்?"

"என்னட்டைக் கிடக்கு" என்றாள் மாக்கிறேற். அவளிடம் அப்படி ஒன்றும் கிடக்கவில்லை. சொன்ன பிறகுதான் யோசித்தாள்.

யோசித்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. நாலு சீற். கப்டனுக்கு ஒன்று, மெக்கானிக்குக்கு ஒன்று. மிச்சம் இரண்டும் சும்மா போகப்போகின்றன. விமானம் யாழ்ப்பாணத்துப் பலாலியில் போய் இறங்கும். பலாலியிலிருந்து ஊர்காவற்றுறைக்கு முழுக்கத் தரைவழி.

"ஐயா, ஒரு விண்ணப்பம்" என்று தொடங்கி, மகளின் வார்த்தைப்பாட்டையும், அந்தோனியாரையும், தன் வயிற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள். கப்டன் சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு மகள் இருந்தாள், அவுஸ்திரேலியாவில்.

"முப்பத்தோராந் திகதிக்கு முதல் பாகம் வந்தா, உங்களக் கூட்டிக்கொண்டு போறன். அனுமதிய நான் கேட்டு எடுக்கிறன். ஆனா நான் தந்த மாதிரி உள்பக்கம் இருக்கோணும். ஒரு வெடிப்பு, ஒரு கீறல் கூடாது."

அன்றிரவே மாக்கிறேற் மகளுக்குக் கடிதம் எழுதினாள். "நான் ஆகாயத்தால் வருவேன்." அவள் எழுதியதிலேயே மிகச் சுருக்கமான கடிதம் அதுதான்.

பஸ்ரியாம்பிள்ளைக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"இஞ்சரும், வள்ளத்திலை சத்தி எடுக்கிற ஆள் பிளேனிலை எடாதே?"

"வானத்திலை அலை எங்கை கிடக்கு?" என்று கேட்டு அவர் வாயை மூடினாள். அது அவளுக்கும் இருந்த சந்தேகம்தான்.

மினுக்கத்துக்கு வழி பால்மாப் பைக்கற்றில் கிடைத்தது. வெளிப்பக்கம் படமும் எழுத்தும்; வெட்டி விரித்தால் உள்பக்கம் தனி வெள்ளி. தீவிலுள்ள எல்லாக் குசினிகளிலிருந்தும் வெறும் பைக்கற்றுகள் வந்து சேர்ந்தன. வெறுமையாகாதவற்றையும் சிலர் கொட்டி வெறுமையாக்கிக் கொடுத்தார்கள். மாக்கிறேற் ஒவ்வொரு யன்னலுக்கும் பேப்பரில் அச்சு வெட்டினாள். வெள்ளிப்பக்கம் வெளியே தெரிய பைக்கற்றுகளைப் பொருத்தி, பின்பக்கம் கோதுமைமாச் சாக்கின் வெள்ளைத் துணியை வைத்து, இரட்டைத் தையல் போட்டாள். ஓரத்து மடிப்புக்குள் பனை ஈர்க்கை நுழைத்தாள். வளைத்து யன்னலுக்குள் வைத்தால், ஈர்க்கு தானாக நிமிர்ந்து சட்டத்தில் இறுக்கிக்கொள்ளும். பிசினும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். இருக்கைகளுக்குக் கோவிலின் பழைய வெள்ளைத் திரைச்சீலையால் உறை தைத்தாள். சுவாமியிடம் கேட்டாளா என்றால், தைத்து முடித்த பிறகு கேட்டாள்.

கப்டன் காற்றுத் துவாரங்களை மட்டும் திறந்து வைத்தார், உள்ளே சூடு அடைபடக்கூடாது என்று. மத்தியானம் வெப்பமானியைப் பார்த்தார். நாற்பத்தைந்து. மனிதர் அந்த வெயிலிலேயே தொப்பியைக் கழற்றி மாக்கிறேற்றுக்குக் கும்பிடு போட்டார். அன்று மாலை கிணற்றடியில் அது இருபத்தைந்தாக இறங்கிவிட்டது.

எல்லாம் சரி. ஒரே ஒரு பிழை விட்டாள். பைக்கற்றுகளைத் துடைத்தாள், கழுவவில்லை. தையல் மடிப்புகளுக்குள் பால்மா இருந்தது.

மூன்றாம்நாள் எறும்பு வந்தது. விமானத்தைக் கட்டியிருந்த கயிறுகளில் ஏறி, சில்லுகளில் ஏறி, சாரிசாரியாக உள்ளே போயிற்று. மாக்கிறேற் கையை உள்ளே விட்டாள், முழங்கைவரை கடித்துத் தடித்துவிட்டது. மண்ணெண்ணெய் பூசலாமென்றால் கப்டன் சத்தம் போட்டார். அது பட்டால் யன்னல் பாலாடைமாதிரி மங்கிவிடும். பைக்கற்றுகளைக் கழற்றிக் கழுவித் தைத்துப் போட மூன்றுநாள் வேண்டும். அதுவரைக்கும் என்ன செய்வது? ஊரில் எறும்புக்கும் பூச்சிக்கும் செய்வதையே செய்தாள். வேப்பங்குழையைக் கட்டுக்கட்டாக ஒடித்து, விமானத்தின் கதவிலும் யன்னல்களிலும் தொங்கவிட்டாள்.

நம்முடைய ஊரில் ஒரு வாசலில் வேப்பங்குழை தொங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உள்ளே அம்மாள் வந்திருக்கிறாள். கொப்பளிப்பான்.

முதலில் கண்டவள் இராசேஸ்வரி. வெளியில் மாடு சாய்க்க வந்தவள், பத்து யார் தூரம் தள்ளியே நின்றுவிட்டாள்.

"அக்கா, ஆருக்கு அம்மாள்?"

மாக்கிறேற் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யன்னல்களின் நினைவு வந்தது. தினமும் ஊர்ச்சனம் வந்து, மூக்கை யன்னலில் வைத்து அழுத்தி, எண்ணெய்க் கையால் தடவி, சேலைத் தலைப்பால் தேய்த்துத் துடைத்து, மறைப்பின் இடுக்கால் உள்ளே பார்க்க முண்டிக்கொண்டிருந்தது. காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஒரு கீறல் விழுந்தால் அவளுடைய சீற் போயிற்று. எத்தனை நாளைக்குத்தான் ஆட்களைக் கலைப்பது?

"கப்டனுக்குத்தான்" என்றாள் குரலைத் தாழ்த்தி. "முகத்தைப் பாக்கேல்லையே?"

கப்டனின் முகத்தில் உண்மையாகவே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் இருந்தன. வேர்க்குரு. கழுத்துவரை இறங்கியிருந்தது. இராசேஸ்வரி மாட்டையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் விமானத்தடியில் ஒரு குருவி இல்லை. நிழலில் இருந்த கடற்படைக்காரன் கதிரையைத் தூக்கிக்கொண்டு அரைக்கட்டை தூரம் தள்ளியிருந்த பூவரச மரத்தடிக்குப் போய்விட்டான். ஞாயிறு பூசையில் கப்டனைச் சுற்றி ஆட்கள் இருக்கிற வாங்கில்கள் நாலு வெறுமையாகக் கிடந்தன. பங்குமனை வாசலில் யாரோ செவ்விளநீரும், மஞ்சளோடு அரைத்த வேப்பிலையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கப்டன் இளநீரைக் குடித்தார். மற்றது என்ன துவையல் என்று சுவாமியிடம் கேட்டார்.

மாக்கிறேற் நிம்மதியாகப் பைக்கற்றுகளைக் கழுவித் தைத்துப் போட்டாள். எறும்பு போயிற்று. ஆனால் வேப்பங்குழையை அவள் கழற்றவில்லை. வாடவாடப் புதிது மாற்றினாள். அவ்வளவு நல்ல காவல்காரன் எங்கே கிடைப்பான்?

மே இருபத்தொன்பதாம் திகதி வியாழக்கிழமை மத்தியான வள்ளத்தில் மெக்கானிக் ஜெயரூபன் வந்து மாவிலித்துறையில் இறங்கினான். கொழும்பு கொட்டாஞ்சேனைப் பொடியன், இருபத்தேழு வயது. கையில் பாகம் இருந்த பெட்டி. துறைமுகத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த அப்புத்துரையிடம் போய், பிளேன் நிற்கிற இடத்துக்கு வழி கேட்டான்.

"தம்பிக்குக் கொப்பளிப்பான் வந்து போயிட்டுதோ?" என்று கேட்டார் அப்புத்துரை.

"இல்லையே. ஏன்?"

அப்புத்துரை நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். கப்டனுக்கு வந்திருக்கிறது, பிளேனுக்குள்ளும் பரவியிருக்கிறது, அதற்கு மறைப்புத் தைத்த மனிசியின் கையிலும் தடிப்புத் தடிப்பாக இருக்கிறது என்றார். ஜெயரூபனுக்கு ஜூன் மாதம் பதினைந்தாம் திகதி கலியாணம். கலியாணப் படத்தில் தழும்புமுகத்தோடு நிற்பதை ஒருமுறை மனதில் நினைத்துப் பார்த்தான். வந்த வள்ளத்திலேயே பெட்டியோடு திரும்ப ஏறி இருந்துவிட்டான்.

செய்தி மாக்கிறேற்றின் காதில் விழுந்தபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். போட்டது போட்டபடி ஓடினாள். வீட்டில் போட்டிருக்கிற சோட்டிச் சட்டையோடு, செருப்பும் இல்லாமல், அந்தக் கொதிக்கிற மணலில். ஓடும்போது ஒரே ஒரு நினைவுதான். நாளை மறுநாள் சனிக்கிழமை. பீடத்தடிக்கு நிமலினி ஒரு பக்கம் வெறுமையாக நடந்து போவாள். அதற்குக் காரணம் கடலுமில்லை, அந்தோனியாருமில்லை. தாயின் வாய்.

வள்ளம் கட்டவிழ்க்கத் தயாராக நின்றது. ஜெயரூபன் லேஞ்சியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு உள்ளே இருந்தான்.

"தம்பி, இறங்கும்! அது அம்மாள் இல்லை, எறும்பு!" என்று கத்தினாள் மாக்கிறேற்.

"கிட்ட வராதீங்க அன்ரி! கையில இருக்கு!" என்று அவனும் கத்தினான். அவளுடைய கை முழுக்க எறும்பு கடித்த தடிப்பு.

கயிறு அவிழ்ந்தது. துறைமுகத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பஸ்ரியாம்பிள்ளையைக் கண்டாள்.

"இஞ்சருங்கோ! என்னைத் தூக்கி உள்ளுக்கு வையுங்கோ!"

"எங்கை? வள்ளத்திலையோ?"

"தூக்கச் சொன்னால் தூக்குங்கோ! நான் கால் வைக்கமாட்டன், நீங்கள் வைச்சுவிடுங்கோ!"

இருபத்தைந்து வருஷத்துக் குடும்ப வாழ்க்கையில் பஸ்ரியாம்பிள்ளை கேள்வி கேட்காமல் செய்த காரியங்கள் பல. இதையும் செய்தார். மீன்பெட்டி ஏற்றுகிறமாதிரி அவளைத் தூக்கி, வள்ளத்து வாங்கிலில் கொண்டுபோய் வைத்தார். மாக்கிறேற் இரண்டு கால்களையும் மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள். வள்ளத்து அடிப்பலகையில் ஒரு விரல்கூடப் படவில்லை. அவர் இறங்கினார், வள்ளம் வெளிக்கிட்டது.

அவள் ஏறிய வேகத்தில் எல்லோரும் விலகினார்கள். அவளுடைய வாங்கிலில் யாரும் இல்லை. துறைமுகத்தைத் தாண்டியதும் முதல் அலை தூக்கியது. முதல் சத்தியும் வந்தது.

"பாத்தியளே, தொடங்கிட்டுது! காய்ச்சலும் சத்தியும்தான் முதல்லை வாறது" என்றாள் ஒருத்தி.

மாக்கிறேற் வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க உண்மையைச் சொன்னாள். பால்மா, எறும்பு, வேப்பங்குழை, வேர்க்குரு, இராசேஸ்வரி கேட்டது, தான் சொன்னது எல்லாவற்றையும். ஒரு சொல்லைக் கூட்டவில்லை. நேர்த்திக் கதைக்குப் பிறகு, வாழ்க்கையில் இரண்டாந்தரமாக ஒரு கதையை அளவெடுத்தபடி சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. நாலு முழ அறக்குளாவைத் தூக்க மூன்று பேர் வந்த கதையைக் கேட்டவர்கள்தானே எல்லோரும்? வள்ளத்துக்காரன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு இரண்டாவது சத்தியும் வந்தது. அது முடிந்ததும் கோபம் வந்தது. ஒரு காலை மெல்லக் கீழே நீட்டினாள்.

"நான் சொல்லுறது பொய்யெண்டால் சொல்லுங்கோ. இந்தா வைக்கிறன். அந்தோனியார் என்ன செய்யிறாரெண்டு பாப்பம்."

வள்ளம் முழுக்க ஒரே சத்தம். ஏழு வருஷத்துக்கு முன்பு கேட்டவர்களும் அங்கே இருந்தார்கள், அவர்களிடம் கேட்டவர்களும் இருந்தார்கள். நடுக்கடலில் ஒரு நேர்த்தியை முறித்தால் முறித்தவள் மட்டுமா தாழுவாள்?

"ஐயோ அக்கா, எடுங்கோ, காலை எடுங்கோ!" என்று கத்தினார் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த ஒருவர். அவருக்கும் அந்தோனியார்மீது பயம் இருந்தது.

"அப்ப நம்புறியளோ?"

"நம்புறம்! நம்புறம்!"

"அவனைச் சொல்லச் சொல்லுங்கோ." கால் பலகைக்கு இரண்டு அங்குலம் மேலே நின்றது. அளவில் அவள் பிசகமாட்டாள்.

வள்ளத்துக்காரன் சுக்கானை விட்டுவிட்டு ஜெயரூபனிடம் போனான். "தம்பி, இந்த மனிசி ஆயிரம் கதை சொல்லும். ஆனால் அந்தக் கால் கதை சொல்லாது. நம்பும்" என்றான்.

ஜெயரூபன் லேஞ்சியை இறக்கினான். அவனுக்கு அந்தோனியாரைப் பற்றிக் கவலையில்லை. அவன் கேட்டது வேறு. "மண்ணெண்ணெய் ஜன்னல்ல படல்லையே, அன்ரி?"

"ஒரு சொட்டும் இல்லை."

"காய்ஞ்ச துணியால துடைச்சீங்களா?"

"ஆரையும் தொடவும் விடேல்லை. அதுக்குத்தானே இவ்வளவு பொய்யும்!"

அவன் எழும்பி வந்து, அவளுடைய கையைப் பிடித்துத் தடிப்புகளைக் கிட்டவைத்துப் பார்த்தான். ஒரு தடிப்பின் நடுவில் எறும்பின் தலை இன்னும் கடித்தபடி இருந்தது. நகத்தால் அதை எடுத்துவிட்டான். "நாளைக் காலை வள்ளத்தில நான் போறன்" என்றான். மாக்கிறேற் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள், மூன்றாவது சத்தி வந்தது. நாலாவது குறிகட்டுவான் துறையில், வள்ளம் அணைந்த பிறகு, வஞ்சகமாக வந்தது.

இரண்டு பேர் தூக்கி அவளைத் துறையில் வைத்தார்கள். ஜெயரூபன் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான்.

"அன்ரி, இங்க யாரும் சொந்தக்காரர் இருக்காங்களா? ராவைக்கு நின்னிட்டு, காலையில என்னோடயே வாங்க. வேலைய முடிச்சா சனி விடியப் பறக்கலாம்."

அங்கேதான் மாக்கிறேற் நிமிர்ந்து பார்த்தாள். அவள் நிற்பது தரை. கடல் முதுகுக்குப் பின்னால். முன்னால் கடைசி பஸ் புறப்பட நின்றது. மடத்துவெளி, வேலணை, அங்கே மாறினால் சுருவில், ஊர்காவற்றுறை. ஏழு வருஷமாக எட்டாமல் கிடந்த இடத்துக்கு அவள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாள். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கலியாணச் சேலை வீட்டு அலுமாரியில் இருந்தது. புதுச் செருப்பு அதன் கீழே. ஆகாயத்தால் வருவேன் என்று எழுதிய கடிதம் மடத்தில் இருந்தது. இங்கே நின்றவள் மீன்செதில் ஒட்டிய, சத்தி பட்ட சோட்டியோடு, வெறுங்காலோடு, தலை கலைந்து. திரும்பிப் போனால் சனிக்கிழமை சேலை கட்டி, மாலை போட்டவள்போல வானத்திலிருந்து இறங்கலாம். ஊர்காவற்றுறையே வாய் பிளக்கும். அவளுக்கு ஆசை இல்லையென்று சொல்லமாட்டேன். மிகவும் ஆசையாக இருந்தது.

"தம்பி, அந்த மறைப்புகளைக் கழட்டேக்கை ஈர்க்கை நடுவிலை பிடிச்சு வளைக்கோணும். நுனியிலை இழுத்தால் சட்டத்திலை கீறும்" என்றாள். "கப்டன் ஐயாவிட்டைச் சொல்லும், என்ரை சீற்றிலை வேறை ஆரையும் ஏத்திக்கொண்டு போகட்டாம். என்ரை மனிசனை நாளைக்கே சேலையோடை அனுப்பச் சொல்லும்."

பஸ்ஸில் ஏறினாள். கொண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரிக்கற் கேட்காமலே போனான்.

விமானம் சனிக்கிழமை பறக்கவில்லை. ஞாயிறும் பறக்கவில்லை. பாகத்தில் ஒரு மரையாணி பொருந்தாமல், அது செவ்வாய்க்கிழமைதான் எழும்பியது. உள்பக்கத்தில் ஒரு வெடிப்போ கீறலோ இருக்கவில்லை. முதலாளிக்கு மட்டும், ஏன் இந்தச் சீற்றுகளில் பாலும் வேப்பிலையும் மணக்கிறதென்று கடைசிவரை விளங்கவில்லை. இதெல்லாம் பிறகு நடந்தவை. பஸ்ஸில் இருந்தவளுக்கு இவை ஒன்றும் தெரியாது. அவள் தன்னுடைய சீற்றைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு போனாள்.

மடத்துக் கதவைத் திறந்தவர் ஒரு வயதான கன்னியாஸ்திரி. வந்தவளைக் கண்டு முதலில் பயந்தார். யாரென்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"நிமலினியின்ரை அம்மாவோ! ஆகாயத்தாலை வாறியள் எண்டு சொன்னவ. வானத்திலை சத்தம் கேட்டால் எங்கடை பிள்ளையள் எல்லாம் முத்தத்துக்கு ஓடுதுகள். பிளேன் எங்கை இறங்கினது?"

"வள்ளத்திலை வந்தனான், மதர்" என்றாள் மாக்கிறேற்.

கன்னியாஸ்திரி கலகலவென்று சிரித்தார். "நீங்கள் நல்ல பகிடி விடுவியள் எண்டும் சொன்னவ. வள்ளத்திலை கால் வைக்கமாட்டியள் எண்டு எங்களுக்குத் தெரியும்."

மாக்கிறேற் உள்ளே நுழைந்தாள். உண்மையைச் சொல்லி அன்றைக்கே போதுமான அளவு களைத்திருந்தாள்.

வார்த்தைப்பாடு எடுக்கப்போகிறவர்கள் மூன்றுநாள் மௌன தியானத்தில் இருந்தார்கள். ஒருவரோடும் ஒரு சொல் பேசக்கூடாது. "தூர இருந்து பாருங்கோ" என்று சொல்லி, சிற்றாலயத்தின் கடைசி வாங்கிலில் அவளை இருத்தினார்கள். மாலைச் செபத்துக்கு ஐந்து பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள். நாலாவது நிமலினி. மெலிந்திருந்தாள். தாயைக் கடந்து இரண்டு அடி போனவள், நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை ஒருதரம் இழுத்தாள். உப்பும் மீனும் சத்தியும் கலந்த அந்த வாடை அவளுக்குத் தெரியும். பதினாறு வயதில் இதே ஊரில், இதே வாடையோடுதான் தாய் அவளைக் கட்டிப்பிடித்து அழுது விடைபெற்றவள்.

நிமலினி வரிசையை விட்டு வந்து தாயின் முன்னால் முழந்தாளில் இருந்தாள். ஆலயத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மௌனத்தை முறித்தாள்.

"எத்தினை தரம் அம்மா?"

"பதினேழு" என்றாள் மாக்கிறேற்.

நிமலினி தாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

"அப்ப நாலு" என்றாள்.